ஊற்றில் சுரண்டிய நிறம்

அறுபதுகளில் செஞ்சியில் கலர் பிலிம் ஏது? கோட்டைக்குப் போகிற ரோட்டில் என் ஸ்டுடியோ. கறுப்பு வெள்ளையில் எடுத்து, பஞ்சாலும் தூரிகையாலும் நானே நிறம் தீட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவர், சமணர், நைனார் என்றுதான் கூப்பிடுவோம், வடநாட்டு யாத்திரைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவிக்குக் கால் விழுந்துவிட்டது, வர முடியாது. யாத்திரை போகிற இடத்தில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டாம். "அந்த வெந்நீர் ஊத்த கலர்ல பாத்துட்டா போதும்" என்று அந்த அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஆசைக்காகத்தான் நான் போனேன்.

ஊற்றைப் பார்த்ததும் வாயடைத்துப்போனேன். ஆவி பறக்கும் தண்ணீர் வழிகிற பாறையில் ஒரு பக்கம் கரும்பச்சை, ஒரு பக்கம் செம்மஞ்சள். ஓரமெல்லாம் சுண்ணாம்புக் காரை மாதிரி வெள்ளைப் படிவம், அடுக்கடுக்காக. இதை எப்படி ஞாபகத்தில் வைத்துத் தீட்டுவது? படம் எடுத்து முடித்ததும் பேனாக்கத்தியால் மூன்று நிறத்தையும் சுரண்டி, மூன்று இங்க் புட்டிகளில் அடைத்தேன்.

வியாபாரி ஓடிவந்தார். "யோவ், இன்னா பண்ற நீ? அதுல உசிரு இருக்குதுய்யா!"

கண்ணுக்குத் தெரியாத உயிரும் சாகக்கூடாது என்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற மனுஷர், அப்படித்தான் சொல்வார். "கை வச்சா வெந்துடும் நைனாரே, இதுல ஏது உசிரு?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொட்டிவிட்டேன் என்று பொய் சொல்லி, புட்டிகளைப் பெட்டியில் ஒளித்தேன்.

செஞ்சிக்கு வந்து திறந்தால், ஐயோ, அந்த நாற்றம்! செத்த எலி நாற்றம். பச்சையும் செம்மஞ்சளும் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது. அது கல். கல் நாறுமா? புட்டிகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியாரிடம் ஓடினேன். "பாசி மாதிரிதான்யா. வெந்நீர்லயும் சிலது வாழும். செத்துப்போச்சு" என்றார் மூக்கைப் பொத்திக்கொண்டு.

தூரிகையைத் தொட மனசே வரவில்லை. படத்தை வெள்ளையும் கறுப்புமாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"கலர் எங்கய்யா?" என்றார் அந்த அம்மா, கட்டிலில் இருந்தபடி.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நடந்ததையெல்லாம் உளறிக் கொட்டிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"எனக்காகவாய்யா சொரண்டுன?"

அடுத்த வாரம் வியாபாரி வந்து சொன்னார். அம்மா இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்தாராம். பச்சைக்கு ஒரு நாள், செம்மஞ்சளுக்கு ஒரு நாள். சுரண்டியவன் நான், அந்த இரண்டு நாளும் மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறேன்.