ஆட்டுக்கால் சூப்பும் நாற்பது நாள் பத்தியமும்

அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ, வருடம் சரியாக நினைவில்லை. மாசி மாதம் என்பது மட்டும் நிச்சயம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் வரிசை வீடு ஒன்றில், ஒற்றை அறையில் நானும் என் கணவரும் தனிக்குடித்தனம் வைத்திருந்தோம். அவருக்கு நிலையான வேலை கிடையாது. ஆனால் சடுகுடு ஆட்டத்தில் சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கியவர். ஊரிலிருந்த நூற்பாலை ஒன்று தன் சடுகுடு அணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம் பக்கத்திலிருந்த ஆத்தூரில் நடக்கும் பந்தயத்துக்கு மேனேஜரே வந்து பார்த்து, இரண்டு பேரைப் பொறுக்கி மில்லில் நிரந்தர வேலை கொடுப்பார் என்று சேதி வந்திருந்தது. அது கிடைத்தால் எங்கள் குடித்தனம் நிற்கும். இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அண்ணியோடு ஒரே அடுப்படியில் நிற்பதற்கு மலைக்கோட்டைப் படியில் குடியிருந்துவிடலாம் என்று நான் அப்போதே சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பயிற்சியில் இரண்டு தடியன்கள் அவருடைய இடது முழங்கால்மேல் விழுந்தார்கள். தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்கள். முழங்கால் வீங்கிப் பூசணிக்காயாக இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கிற ஜவ்வுதான் இழுபட்டுக் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது, ஆறு வாரம் அந்தக் காலுக்கு வேலை வைக்காதே என்றார். இந்த மனுஷன் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். எலும்பு முறியலைல்ல என்று சொல்லி, மூன்றாம் நாளே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு நொண்டிக்கொண்டே போய்விட்டார். திரும்பி வரும்போது வீக்கம் இரண்டு மடங்கு. நான் கத்தினேன், அழுதேன், ஒருநாள் அடுப்பே பற்ற வைக்காமல் கிடந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் கணவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து வந்த நான் வார்த்தைக்கு வார்த்தை ‘ஏனுங்க’ போடுவதைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னது என்ன என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடு என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் விடவில்லை.

“தோல் துண்டைப் போட்டுத்தான தங்கச்சி வஜ்ஜிரம் காய்ச்சுறாக. மரத்தையே ஒட்டுற சாமான். மூட்டை ஒட்டாதா?”

தச்சு வேலைக்காரர்கள் பலகை ஒட்டும் பசையைத்தான் சொன்னார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மருந்து கிடைத்துவிட்டது! மறுநாள் காலையில் இரண்டு ஜோடி கால்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நல்லா சுத்தம் பண்ணி அவிய வை என்று சொல்லிவிட்டு, அய்யலூரில் ஒரு நிக்காஹ்வுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இங்கேதான் என் வண்டவாளம். என் அம்மா பழனி முருகனுக்கு நேர்ந்துகொண்டு கவுச்சியை விட்டவர். அதனால் எங்கள் வீட்டு அடுப்பில் நான் பார்த்ததெல்லாம் காய்கறிதான். எனக்குச் சுத்தம் செய்வது என்றால் தோல் சீவுவது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அரிவாள்மணையில் உட்கார்ந்து, அந்தக் கால்களின் தோலை உரித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடிய நரம்பு மாதிரியான சவ்வையெல்லாம் அழுக்கென்று சுரண்டி எடுத்தேன். அத்தனையையும் தெருநாய்க்குப் போட்டேன். மிச்சமிருந்த எலும்பைப் பளபளவென்று கழுவிப் பாதி நாள் வேகவைத்தேன். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வந்த அக்கா சட்டியைத் திறந்து பார்த்தார். கஞ்சித் தண்ணிகூட அதைவிடக் கெட்டியாக இருக்கும். தோல் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அடி பைத்தியமே, மருந்தையெல்லாம் நாய்க்குப் போட்டுட்டுக் குச்சியை அவிச்சு வச்சிருக்கியே. நாலு நாள்ல அந்த நாய் மலைக்கோட்டை மேல தாவி ஏறப் போகுது பாரு.”

வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மறுநாள் எங்கும் போகாமல் என் பக்கத்திலேயே நின்று கற்றுக் கொடுத்தார். முடியை நெருப்பில் வாட்டிச் சுரண்ட வேண்டும், குளம்பைத் தட்டி எடுக்க வேண்டும், தோலையும் சவ்வையும் தொடக்கூடாது. மஞ்சள் தடவிக் கழுவி, சின்ன வெங்காயம், இஞ்சி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, காலையில் வைத்த அடுப்பு மதியம் வரை சிறு தீயில் எரிய வேண்டும். ஒரு சொட்டை விரலில் தொட்டுப் பார்த்தேன். கட்டை விரலும் சுட்டு விரலும் ஒட்டிக்கொண்டன. சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

முதல் கிண்ணத்தை நான் நீட்டும்போது அக்கா வாசலில் முக்காட்டோடு நின்றபடி என் கணவரிடம் சொன்னார்.

“தம்பி, இதுக்குப் பத்தியம் உண்டு. நாப்பது நாள் காலை நீட்டி உக்காந்துதான் இருக்கணும். ஊனி ஓடுனா உள்ள பிடிச்ச பசை கலைஞ்சிரும். அப்புறம் எத்தனை ஆட்டை அவிச்சாலும் ஒட்டாது.”

டாக்டருக்கு மசியாத மனுஷன் இதற்கு மசிந்தார். நானே நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குள் சண்டியர் மாதிரி திரிந்தவர், காலை நீட்டி உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். கக்கூஸுக்குப் போகக்கூடக் கம்பை ஊன்றி, இடது காலைத் தூக்கிக்கொண்டுதான் போனார். கூட்டாளிகள் வந்து கூப்பிட்டபோது, “பசை கலைஞ்சிரும்டா” என்று அவரே விரட்டினார். நாற்பதாம் நாள் வீக்கம் இருந்த சுவடே இல்லை. அதன் பிறகு தினமும் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்தார். பிறகு மெதுவாக ஓடினார்.

பந்தய நாளும் வந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் சடுகுடு பார்க்கப் போவது வழக்கமில்லை. நானும் அக்காவும் பஸ் பிடித்து ஆத்தூருக்குப் போய், அறுத்த வயலின் ஓரம் நின்ற மாட்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தோம். அக்கா துப்பட்டிக்குள் இருந்தார். குரல் மட்டும் வெளியே இருந்தது. அப்பப்பா, என்ன குரல்! வயலில் நின்ற ஆண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி ஆட்டம். இரண்டு பக்கமும் சமம். இவர் மூச்சைப் பிடித்துச் சடுகுடு பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, குறி வைத்த மாதிரி ஒருவன் பாய்ந்து அந்த இடது காலையே பிடித்தான். மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல்கள் நொறுங்கின. அந்த ஆள் குவியலுக்கு அடியிலிருந்து சடுகுடு சடுகுடு என்ற சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு கை வெளியே வந்தது. மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி நடுக்கோட்டைத் தொட்டது. விசில்!

ஊரே கூத்தாடியது. நான் காலைத்தான் பார்த்தேன். எழுந்தார். இடது காலைத் தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். வண்டியிலிருந்து எப்போது குதித்தேன் என்றே எனக்குத் தெரியாது. மேனேஜர் அங்கேயே அவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை மில்லுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? தெருவுக்கே வைத்தியச்சி ஆகிவிட்டேன். குழாயடியில் ஒரு பெண் தன் மாமனாருக்குத் தோள்பட்டை வலி என்றதும், சூப்பும் நாற்பது நாள் பத்தியமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைத் தன் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“எங்க வீட்ல அப்படியொரு பத்தியமே கிடையாது தங்கச்சி. சூப்பைக் குடிச்சிட்டு வேலைக்குத்தான் போவாக. டாக்டரு ஆறு வாரம் உக்காரச் சொன்னாருன்னு நீதான அழுதுக்கிட்டே சொன்ன. சும்மா உக்காருன்னா தம்பி உக்காருமா? மருந்துக்குப் பத்தியம்னா உக்காரும்ல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெகு நேரம் சிரித்தோம். அவரிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த மில் ஆட்டக்காரர்களுக்கெல்லாம் என் கணவர் அதே பத்தியத்தைச் சொல்லி உட்கார வைத்தார். அவர்களும் தேறி எழுந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது எனக்கே மூட்டு வலி. பேத்தி ‘கொலாஜன்’ என்று ஏதோ பவுடர் வாங்கி வந்து பாலில் கலக்கித் தருகிறாள். தோலிலும் ஜவ்விலும் இருக்கிற அதே பசைச் சத்துதானாம். ஜவ்வை ஒட்டவைத்தது சூப்பா, ஓய்வா என்று படித்தவர்கள் சொல்லட்டும். நான் உண்மையைச் சொல்லிக் கத்தியும் கேட்காத மனுஷனை ஒரு சின்னப் பொய்யால் உட்கார வைத்து, என் குடித்தனத்தையே கலையாமல் காப்பாற்றிய அந்த அக்காவை நினைக்கும்போதெல்லாம், நல்லதைச் சொன்னால் மட்டும் போதாது, அது கேட்கிறவர் மனதில் ஒட்டும்படி சொல்லவும் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.