மச்சான் பிடித்த கயிறு

என் ஐஸ் கம்பெனி ஆபீசுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரில் தொங்கும் பழைய கயிற்றைத்தான். ஏசி போட்ட அறையில் இது எதற்கு அண்ணாச்சி என்பார்கள். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம், அதில் நான்கு கட்டங்கள். பேராசிரியை ஒருவர் தன் கையால் போட்டுக் கொடுத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இரண்டு விசைப்படகும் இந்தக் கம்பெனியும் யார் தயவும் இல்லாமல் சம்பாதித்தவை. நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, எப்படிச் சமாதானமாகின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பில் என் பேச்சும் ஓரிடத்தில் வருகிறது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்தக் கயிற்றைப் பிடித்தவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். வாலிபத்தில் நான் சங்கு குளித்தேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவனுக்கு, மேலே தோணியில் மறுநுனியைப் பிடித்திருப்பவன் கையில்தான் உயிர். எங்கள் பக்கம் அந்த வேலையைக் கூடப்பிறந்தவனிடம் கொடுக்க மாட்டார்கள், மச்சானிடம்தான் கொடுப்பார்கள். ஒருவன் செத்தால் கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு கூடலாம். மச்சான் கயிற்றை விட்டாலோ அவருடைய தங்கச்சிதான் தாலியறுப்பாள். எட்டு வருஷம் என் கயிறு அவர் கையில் இருந்தது. நான் கீழே இருக்கும்போது அவர் ஒரு பீடிகூடப் பற்றவைத்ததில்லை என்று தோணிக்காரர்கள் சொல்வார்கள்.

பிறகு நான் படகுக்காரர் சங்கத்தில் பெரிய ஆளாகிவிட்ட காலத்தில், இலங்கை மீனவர்களோடு ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. எங்கள் படகுகள் எல்லை தாண்டி அவர்கள் வலையை அறுக்கின்றன என்றார்கள். அறுத்ததும் உண்டு, இப்போது மறைத்து என்ன. பதிலுக்கு அவர்களும் எங்கள் வலையை அறுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் எங்கள் படகு எல்லைப் பக்கம் தலைகாட்டாது, அவர்கள் எங்கள் வலையைத் தொட மாட்டார்கள் என்று பேசினோம். எல்லோரும் தலையாட்டினோம், ஒருவரும் நம்பவில்லை. பேச்சைக் கவனிக்க வந்திருந்த பேராசிரியை அப்போதுதான் அந்தக் கட்டங்களைப் போட்டார். மேலே ஒரு நாடு, பக்கவாட்டில் ஒரு நாடு. இருவரும் வாக்கைக் காப்பாற்றினால் இருவருக்கும் நல்லது. எதிராளி காப்பாற்றும்போது நான் மட்டும் மீறினால் எனக்கு இன்னும் லாபம். அவனும் அதையே நினைப்பான். கடைசியில் இருவரும் மீறி, இருவரும் கெடுகிற கட்டத்தில் போய் விழுவோம். ஆயுதத்தைக் குறைக்கிறோம் என்று கையெழுத்துப் போடும் வல்லரசுகளும் விழுவது இதே கட்டத்தில்தான் என்றார்.

“அம்மா, உங்க கட்டத்துல கயித்தக் காணோமே” என்றேன்.

மச்சான் கதையைச் சொன்னேன். பிறகு எதிரே இருந்த அக்கரைச் சம்மாட்டியிடம், அவர் அங்கே பெரிய படகு முதலாளி, என் இடுப்புக் கயிற்றை உங்களிடம் தருகிறேன் என்றேன். அந்த மூன்று நாளில் எங்கள் ஆள் எவன் தாண்டினாலும் என் சொந்தப் படகு இரண்டும் பத்து நாள் கரையில் நிற்கும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கால ராஜாக்கள் பெற்ற பிள்ளையை எதிரி அரண்மனையில் விட்டுவைத்தது இதற்குத்தான் என்று பேராசிரியை எழுதிக்கொண்டார். எந்த ராஜாவிடமும் நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.

ஒரு மாதம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒரு படகு தாண்டியது. அது மச்சானுடையது. சொந்தப் படகு வாங்கியும் அவருக்கு மீன்பாடு சரியில்லாத நேரம். சங்கத் தலைவன் தன் தங்கச்சி புருஷன்தானே, மூடி மறைத்துவிடுவான் என்று நினைத்திருக்கிறார். “கடல்ல யாரு பாத்தா மாப்ள? காத்துல தெசை மாறிட்டுன்னு சொல்லும்வே” என்றார். வீட்டில் என் மனைவி தட்டை வைத்துவிட்டு, “எங்க அண்ணன் புடிச்சு வச்ச உசுரு இது. அவர ஊரு சிரிக்க வைக்கப் போறீயளா?” என்றாள். என்னால் சாப்பிட முடியவில்லை. என் படகைக் கட்டினால் தாண்டியது யார் என்று ஊருக்கே தெரிந்து, என்னைப் பிழைக்க வைத்தவருக்கு அவமானம். கட்டாவிட்டால் பேச்சு முறிந்து, மறுபடி இரண்டு கரையிலும் வலை அறுபடும்.

காலையில் இரண்டு படகையும் கட்டச் சொன்னேன். வேலையில்லாமல் நின்றவர்கள் என் காதுபடவே வைதார்கள். மூன்றாம் நாள் சம்மாட்டி போனில் வந்தார். “உங்கட போட் ரெண்டும் கட்டிக் கிடக்குதெண்டு கேள்விப்பட்டன். எங்கட பொடியள் ஒரு வலையிலயும் கை வைக்கேல்ல” என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அங்கே என் படகை ஒட்டி மச்சானின் படகும் கட்டிக் கிடந்தது. முன்பக்கம் அணியத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். உங்களை யார் கட்டச் சொன்னார்கள் என்றேன்.

“ஒம்ம இடுப்புல கயிறு கெடக்கையில நா எங்கவே போவேன்?”

பத்து நாளும் அவர் படகு நகரவில்லை.

மச்சான் இப்போது இல்லை. போன மாதம் பேராசிரியை வந்து, மாணவர்களுக்குக் காட்ட அந்தக் கயிற்றைக் கேட்டார். காகிதத்தைக் கொண்டுபோங்கள், கயிறு கிடையாது என்றேன். அவர் போனபின் அதை ஆணியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். இடுப்பில் கட்டிய நுனி பிரிந்து சிலும்பிக் கிடக்கிறது. மச்சான் பிடித்த நுனி இன்னும் வழவழவென்று இருக்கிறது.