சின்ன மாத்திரை காத்திருக்காது

டொவேரா தன் வீட்டில் மரவள்ளிக் களி கிண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. ஓர் ஆளுக்கென்று கிண்டுகிற பண்டமல்ல அது. சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பை இழுத்து இழுத்து அடித்தால்தான் திரளும். திரண்டபின் நாலு கைகளாவது அதில் விழவேண்டும். கணவன் ஜோகன்னஸ்பர்க் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அது அழுது தீர்ந்த பழங்கதை. மகள் தவோங்காவும் நர்சு வேலைக்காக இங்கிலாந்துக்கு விமானம் ஏறிய பிறகு, டொவேராவுக்கு ரொட்டியும் தேநீருமே சமையல் என்றாயிற்று. சில நாள் தேநீர் மட்டும்.

மலாவி ஏரிக்கரையில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற நர்சு அவள்தான். தகரக் கூரையடியில் நீள பெஞ்சு நிறைந்திருக்கும். அவள் குரல் கரைவரை கேட்கும் என்று மீனவர்கள் சொல்வார்கள்.

"வலை இழுக்கும்போது கை நடுங்குது சிஸ்டர். வேர்த்துக் கொட்டுது," என்றார் ஒருநாள் ம்ஃபாண்டே. ஊரிலேயே பெரிய வாய்க்காரர்.

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"சாப்பிட்டீங்களா?"

"மீனை வித்துட்டுச் சாப்பிடலாம்னு..."

"எத்தனை தடவை சொல்றது? பெரிய மாத்திரை மெட்ஃபார்மின், அது பொறுமைசாலி. இந்தச் சின்னது கிளைபென்கிளமைடு. நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். உங்களுக்காகக் காத்திருக்காது."

"என் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க."

"அவ கோவிச்சா அம்மா வீட்டுக்குப் போவா. இது கோவிச்சா நீங்களே போயிடுவீங்க."

பெஞ்சு முழுதும் சிரித்தது. ம்ஃபாண்டேவும் சிரித்தார். அவரை அனுப்புமுன், வீட்டில் ஒருவருக்காவது விவரம் சொல்லி வைக்கும்படி கண்டித்தாள். சர்க்கரை இறங்கிவிட்டால் நாக்கு குழறும், புத்தி தடுமாறும், பார்ப்பவர்கள் குடித்திருப்பதாக நினைப்பார்கள். அப்போது வாயில் இனிப்பு ஊற்ற ஓர் ஆள் வேண்டும்.

தனக்கும் அந்த நோய் வந்திருக்கிறது என்பது அவளுக்கு முந்தைய மழைக்காலத்திலேயே தெரியும். தாகம் அடங்கவில்லை, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நோயாளிகள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு தன் விரலைத் தானே குத்திப் பார்த்தாள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் குப்பையில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நாக்கைக் கட்டுங்கள் என்று ஊரை அதட்டுகிறவளுக்கே சர்க்கரை என்றால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட, 'ஐயோ பாவம், தனியாளு' என்று சொல்லிவிடுவார்களே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எறும்பு வருகிறது என்று சாக்குச் சொல்லி, வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டு நியாலோங்வேயிடம் கொடுத்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரிக் காவலாளியின் மனைவி.

ம்ஃபாண்டேவைக் கண்டித்த அந்த மாதமே மெட்ஃபார்மின் ஊரெங்கும் தீர்ந்துபோனது. அதுவரை அதையே போட்டுவந்த டொவேராவும் சின்ன மாத்திரைக்கு மாறினாள்.

ஒரு சனிக்கிழமை காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சீருடைகளைத் துவைக்க உட்கார்ந்தாள். அடுப்பு மூட்டச் சோம்பலாக இருந்தது. துவைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வெயில் ஏறியது. ஈரச் சட்டையைக் கொடியில் போடப் போனவளுக்கு அதன் கை எது, கழுத்து எது என்று புரியவில்லை. சட்டைமீது ஆத்திரமாக வந்தது. உடம்பு குளிர வேர்த்தது. 'சர்க்கரை இறங்குது' என்று மனசின் ஒரு மூலை சொல்லத்தான் செய்தது. ஆனால் அடுத்த அறையில் யாரோ யாருக்கோ பாடம் நடத்துவதுபோல் அது எட்டத்தில் கேட்டது. அடுப்படி அலமாரியைத் திறந்து, சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் வெறும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எப்படியோ வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

நியாலோங்வே விற்பனைக்குத் தோப்வா ஆற்றிக்கொண்டிருந்தாள்: சோளமும் கேழ்வரகும் சேர்த்துக் காய்ச்சிய தித்திப்புக் கூழ்.

"என் சட்டைக்குக் கையே இல்ல," என்றாள் டொவேரா, நாக்குக் குழற.

"ஐயய்யோ சிஸ்டர், பட்டப்பகல்லயா? சட்டைக்குக் கை இருக்கு, உங்களுக்குத்தான் காலு நிக்கல. உக்காருங்க. விழுந்து தொலைச்சு என் பானையை உடைச்சிடாதீங்க. இந்தாங்க, இதைக் குடிங்க. போதை தெளியட்டும்."

திட்டிக்கொண்டே இரண்டு குவளை குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் உலகம் அதனதன் இடத்துக்குத் திரும்பியது. அதோடு வெட்கமும் வந்தது.

"உடம்பு சரியில்ல," என்றாள் டொவேரா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் நியாலோங்வே.

மறுநாள் தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பலகையில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மாலையில் மகள் போனில் பேசினாள். அங்கே ஒரு மூதாட்டிக்கு இன்சுலின் போடுகிறாளாம். "நான் எதிர்ல உக்காந்தாத்தான் அந்தம்மா சாப்பிடுதும்மா. எனக்கோ நேரமே இல்ல."

"உக்காரு. ஊசி போட்டா சாப்பிட வெச்சுட்டுத்தான் வரணும். அவசரப்படாதே."

"நீ எப்படிம்மா இருக்கே?"

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

போனை வைத்தபின் வெகுநேரம் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சு அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியது. ம்ஃபாண்டேதான் ஆரம்பித்தார். "சிஸ்டர், சனிக்கிழமைச் சரக்கு எந்தக் கடை?"

டொவேரா கருவியை எடுத்தாள். எல்லோர் எதிரிலும் தன் விரலைக் குத்தி, எண்ணை அவரிடம் காட்டினாள். "எனக்கும் சர்க்கரைதான். மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடல. அன்னிக்கு நடந்தது அதுதான்."

"அப்போ எங்களைத் திட்டினதெல்லாம்?"

"திட்டினது சரிதான். நான்தான் கேக்கல."

ஒருத்தி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். ஒரு கிழவி மட்டும், தன் உடம்பையே பார்க்கத் தெரியாதவளிடம் எனக்கு வேண்டாம் என்று வேறு நர்சைக் கேட்டாள். டொவேரா அவளைக் குறை சொல்லவில்லை.

அன்றே நியாலோங்வேயிடமும் போய்ச் சொன்னாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "குடின்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டேனே! முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னது போகட்டும். மறுபடி அப்படி வந்தா அதே கூழைக் குடுங்க."

அதிலிருந்து தினமும் காலையில் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு கத்தல் வரும்: "நியாமோனே! வாயில ஏதாவது போட்டீங்களா, இல்லியா?" ஊரில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர், பிறந்த குலத்தின் பெயரான அதைச் சொல்லி அவளைக் கூப்பிட அதுவரை ஆளில்லை. கத்தலுக்குப் பயந்தே டொவேரா கஞ்சி காய்ச்சினாள். மகளிடமும் ஒருநாள் சொல்லிவிட்டாள். தவோங்கா போனில் அழுதாள். வர வழி இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மழை தொடங்கியபோது நியாலோங்வேயின் கணவனுக்கு முசூசு நகரில் வேலை கிடைத்தது. பாத்திரங்களும் பாயும் லாரியில் ஏறின. நியாலோங்வே டொவேராவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அதன்பின் காலைகளில் ஏரி அலையும் காக்கையும் மட்டுமே கேட்டன.

புதிதாகக் குடிவந்தவள் தலைநகர் லிலொங்வேப் பக்கத்துச் சின்னப் பெண். டொவேரா போய்த் தட்டியபோது முதுகில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். டொவேரா நோயாளிகளுக்குச் சொல்வதையெல்லாம் தனக்காகச் சொன்னாள்: வேர்க்கும், உளறுவேன், குடிச்சிருக்கேன்னு நெனச்சுக்காதீங்க, இனிப்பா எதையாவது குடுங்க.

அந்தப் பெண் பயந்த கண்களோடு கேட்டாள். "வீட்டுல வேற யாரும் இல்லீங்களா?"

"இல்லம்மா. நான் மட்டும்தான்," என்றாள் டொவேரா.

அந்தப் பெண் தலையாட்டினாள். குழந்தை அழத் தொடங்கியது. டொவேரா விடைபெற்றுக்கொண்டு, சேற்றில் செருப்பு வழுக்காமல் பார்த்து நடந்து, தன் வீட்டுக்குத் திரும்பினாள்.