நுரையோடு மல்லுக்கட்டினோம்

பாக்டீரியாவைக்கூட வேலை வாங்கிவிடலாம். அது செய்து வைத்த சரக்கைத் தண்ணீரிலிருந்து பிரித்து எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும், அதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு நான் சொல்வது எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டுவிட்டுப் போங்கள்.

டேங்க் நிறையத் தண்ணீர்

பட்டறைகள் நிறைந்த கணபதி ஏரியாவில் ஒரு ஷெட்டில் நானும் ஜெனிபரும். நான் கெமிக்கல் எஞ்சினியர், அவள் மைக்ரோபயாலஜி. எங்கள் பாக்டீரியாவுக்கு மொலாசஸ் என்கிற கரும்பாலைக் கழிவுப்பாகை ஊற்றிக் காற்று ஊதினால் போதும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சோப்பு மாதிரி ஒரு பொருளைச் செய்து தரும். பம்ப் பட்டறைகளில் பாகங்களைக் கழுவ அதை விற்க வேண்டும் என்று ஆசை. ஆனால் டேங்க் நிறையத் தண்ணீரில் சரக்கு சிட்டிகையளவுதான். அதைப் பிரிக்கக் கரைப்பான் ஊற்ற வேண்டும். கரைப்பானின் விலையைச் சேர்த்தால் ஒரு பட்டறைக்காரரும் நம் பக்கம் திரும்பமாட்டார்.

ஷெட்டும் முதலும் பழனிச்சாமி அண்ணனுடையவை. பம்ப் கம்பெனி முதலாளி. அவருக்குக் கோபமே வராது, எனக்கு அதுதான் பயம். தீபாவளிக்குள் செலவு இறங்காவிட்டால் ஷெட்டில் தன் கம்பெனியின் வார்ப்பிரும்புக் காஸ்டிங்குகளை அடுக்கப்போவதாகக் காபி குடித்துக்கொண்டே சொன்னார். "பூச்சி கம்முனு மொலாசஸக் குடிச்சுட்டு வேலையப் பாக்குது கண்ணு. அது செஞ்சதப் பிரிக்கறக்குத்தான் என்ற கம்பெனிய விக்கோணும் போல இருக்குது."

மாப்பும் கையுமாக

இது போதாதென்று நுரை. காற்று ஊதினால் டேங்க் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழியும். அடக்க ஒரு எண்ணெய் இருக்கிறது. அதை ஊற்றினால் சரக்கோடு கலந்து பிரிக்கிற வேலையைக் கெடுக்கும். ஊற்றாவிட்டால் தரையெல்லாம் நுரை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டேங்கை ஒரு உதை விட்டேன். கால்தான் வலித்தது.

துடைக்கிற வேலையில் பாதி ஜெனிபருக்கு. காரமடையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அன்றைக்கு மாப்பைப் பிழிந்தபடி சொன்னாள்: "ஊட்டுல லேப்ல வேலைன்னு சொல்லியிருக்கேங்க்கா. இது தெரிஞ்சா எங்கம்மா பஸ் பாஸைக் கிழிச்சுப்போடும்."

பக்கத்து லேத்

ஒருநாள் நுரை எங்கள் தரையோடு நிற்காமல், சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து லேத் பட்டறைக்குள் போய்விட்டது. லேத்காரர் செல்வராஜ் அண்ணன் வாசலில் வந்து நின்றார். அவர் மெஷினுக்கு ஆயில் போட்டால் நிற்கமாட்டேன் என்கிறதாம், எங்கள் நுரை பட்ட இடமெல்லாம் பளிச்சென்று காய்ந்து கிடக்கிறதாம், துருப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டு, ஆயில் பூசிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டேன். ஆயிலை இப்படித் துடைத்தெடுக்க அந்த நுரையில் என்ன இருக்கிறது?

ஓடிப்போய் ஒரு பக்கெட் நுரையை அள்ளி, அடங்கவிட்டு, அடியில் தங்கிய நீரைச் சோதித்தோம். டேங்கில் இருப்பதைவிடச் சரக்கு எவ்வளவோ கெட்டியாக இருந்தது. கரைப்பான் இல்லை, ஒன்றும் இல்லை. நாங்கள் ஊதிய காற்றே அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. ஜெனிபர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப இத்தன நாளா சரக்கைத்தான் தொடச்சுச் சாக்கடையில ஊத்திட்டிருந்தமாக்கா?"

கூரைக்கு மேலே

தெரிந்துவிட்டால் ஆயிற்றா? காற்றைக் கூட்டினால் நுரை சொதசொதவென்று பாக்டீரியாவையும் சேர்த்து இழுத்துவந்தது. குறைத்தால் பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டியது. டேங்க் மூடியில் ஒரு குழாய் மாட்டி, அதில் நுரையை உயரமாக ஏறவிட்டால் தண்ணீர் வழியிலேயே கீழே வடிந்துவிடும், சரக்கு மட்டும் மேலே போகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஷெட்டில் உயரம் போதவில்லை. தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது, விடுகிற உத்தேசமும் எனக்கில்லை.

குழாய் மாட்டித் தரச் செல்வராஜ் அண்ணனையே கூப்பிட்டேன். கூரைத் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்கும், ஓனரைக் கேட்டீர்களா என்றார். ஷெட்டே போகப்போகிறது, இதில் கூரையில் ஓட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். "அதுவுஞ் சரிதானுங்க அம்மணி. ஏணி எங்கிட்ட இருக்குதுங்க."

கலங்கல்

பழனிச்சாமி அண்ணன் வந்ததும் முதலில் பார்த்தது கூரையைத்தான். பிறகு குழாயின் உச்சியில் வந்த நுரையிலிருந்து நாங்கள் பிடித்துவைத்த நீரைப் பார்த்தார். பழுப்பாக, கலங்கலாக, லேசான புளிப்பு வாடையோடு இருந்தது. இதைத் தெளிய வைக்க முடியாதா என்றார். முடியும், ஆனால் மாட்டேன் என்றேன். தெளிய வைக்கிற ஒவ்வொரு படியும் செலவு. கழுவத்தானே போகிறோம், குடிக்கவா போகிறோம்?

காரிலிருந்து கிரீஸ் அப்பிய ஒரு பம்ப் பாகத்தை எடுத்துவந்து முக்கினார், தேய்த்தார், அலசினார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உள்ளே விட்டுத் துடைத்தார். கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்தார். எனக்கு அதற்குள் அழுகை வந்துவிட்டது. "காஸ்டிங் லோடை வேற பக்கம் எறக்கச் சொல்லிப்போட்டேன் அம்மணி. மொதல்ல கூரைய அடைங்க, மழை வருது."

ஆக, பிரிப்பதற்கு நாங்கள் பட்ட பாடெல்லாம், தானாகப் பிரிந்து வந்துகொண்டிருந்ததை எண்ணெய் ஊற்றி உள்ளே தள்ளிய, துடைத்துச் சாக்கடையில் கொட்டிய பாடுதான்.