அரைச் சுற்றுத் திருகு

படகின் இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறினால் மணி அடிக்கும் கருவியைக் காசிமேட்டு அந்தோணி அண்ணனுக்கு நான்தான் செய்து கொடுத்தேன். தண்ணீர் ஏற ஏற சென்சாரின் வோல்டேஜ் கூடும்; அது நான் வைத்த வரம்பைத் தாண்டினால் மணி அடிக்கும்.

கடலில் படகு ஆட, அடியில் கிடந்த தண்ணீர் அலம்பி, மணி விட்டுவிட்டு அலறியது. கரை திரும்பிய அண்ணன், “பேஜாரா கீதுபா, இத்த நிறுத்து” என்றார். ஒரு ரெசிஸ்டர் சேர்த்து, மணி அடிக்கும் வரம்பையும் நிற்கும் வரம்பையும் தனித்தனியாகப் பிரித்திருந்தால் சரியாகியிருக்கும். போர்டைக் கழற்றச் சோம்பல்பட்டு, வரம்புத் திருகை அரைச் சுற்று ஏற்றிவிட்டேன். மணி அடங்கியது; இனி தண்ணீர் வெகுவாக ஏறினால்தான் அடிக்கும்.

மூன்றாம் நாள் கரையிலிருந்த வயர்லெஸ்ஸில் அவர் குரல்: “இன்ஜின் ரூம்ல முட்டி வரைக்கும் தண்ணி!” பிறகு வெறும் இரைச்சல்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி மேரி அக்கா என்னைப் பார்த்தார். “நீ வச்ச மணி கீதே, முன்னாடியே அடிச்சிருக்கும்ல?”

அடித்திருக்காது. நான் வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் கூட்டினேன். அக்கா கையில் ஜெபமாலை. என் சட்டைப்பையில் அந்தத் திருகைத் திருப்பிய ஸ்க்ரூடிரைவர்.

மறுநாள் இன்னொரு படகு அவர் படகைக் கட்டி இழுத்து வந்தது. கரையிறங்கிய அண்ணன், “நாந்தான் சத்தம் வேணாம்னேன். உம்மேல இன்னா தப்பு?” என்று என் தோளைத் தட்டினார்.

ரெசிஸ்டரை அன்றே சேர்த்துவிட்டேன். அவரோ, மணியை நிறுத்தச் சொன்ன தன் தப்பைத்தான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.