அலாஸ்காவில் அடித்த விசில்

“கரடி பார்த்தீங்களா?”

போன ஞாயிற்றுக்கிழமை பிளசன்டனில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் ஒரு பாட்லக். அலாஸ்கா போய்விட்டு வந்த பிறகு நாங்கள் தலைகாட்டிய முதல் பார்ட்டி. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூட விடவில்லை... வாசலிலேயே இந்தக் கேள்விதான்.

பார்த்தோம். தூரத்தில், ஆற்றோரத்தில், பின்பக்கம் மட்டும். போட்டோவில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறது. அதைக் காட்டிப் பீற்றிக்கொள்ள எனக்கு மனசில்லை. அலாஸ்காவில் நான் பார்த்த அதிசயமே வேறு. அது எங்கள் வீட்டு பிரஷர் குக்கர்!

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு முறுக்கைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக — முறுக்கு எங்கள் நாய். வால் அப்படிச் சுருண்டிருக்கும், அதனால் அந்தப் பெயர். என் மகள் நித்யாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது ஷெல்டரில் இருந்து தூக்கி வந்த குட்டி. இப்போது அவளுக்குப் பதினேழு. அவளுக்கு அது துள்ளும் வயது, நாய்க்குத் தள்ளாத வயது. பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவலி. ஒரு கண்ணில் புரை. காது சுத்தமாக அவுட். ஒரு காலத்தில் வாக்யூம் க்ளீனரைக் கண்டாலே ஓடி ஒளிந்தவன், இப்போது அது மூக்குக்குப் பக்கத்தில் உறுமினாலும் தூங்குகிறான்.

ஒரே ஒரு சத்தம் மட்டும் இன்னும் கேட்கும். குக்கர் விசில்.

குட்டியில் இருந்தே அவனுக்குத் தயிர்சாதம்தான். டாக் ஃபுட் வாங்காமல் இல்லை. அதை மரியாதைக்கு முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போவான். விசில் அடித்தால் சோறு, சோறு ஆறினால் தயிர் — இது அவனுக்கு அத்துப்படி. பின்கட்டுத் தோட்டத்தில் எந்த மூலையில் படுத்திருந்தாலும் விசில் கேட்டதும் கிச்சன் வாசலுக்கு வந்துவிடுவான். நாய் டாக்டரிடம் சொன்னபோது, “காதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லையே!” என்று ஆச்சரியப்பட்டார். மிச்சமிருந்த கொஞ்சத்தை அவன் எதற்காக ஒதுக்கி வைத்திருந்தான் என்று எங்களுக்குத்தானே தெரியும்?

சரி, அலாஸ்காவுக்கு வருகிறேன்.

அலாஸ்கா என் கணவர் குழந்தைவேலின் நெடுநாள் கனவு. நித்யா இந்த வருடம் காலேஜுக்காக நியூ ஜெர்ஸி போகிறாள். அதற்கு முன்னால் குடும்பமாக ஒரு ட்ரிப் போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முறுக்கை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடலாம் என்றேன். நித்யா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“நோ முறுக்கு, நோ மீ.”

எனக்குப் புரிந்தது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் திரும்பி வரும்போது அவன் இருப்பானா? அதுதான் அவள் பயம். என் பயமும் அதுதான். யாரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஒரு கேம்பர் வண்டி வாடகைக்கு எடுத்தோம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குட்டி பாத்ரூம். அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல், உறைமோர், குக்கர் சகிதம் கிளம்பினோம். நாய்க்கு அவ்வளவு தூரம் ரோட்டில் குலுங்குவது ஆகாது என்று, வாஷிங்டன் மாநிலத்தில் இருந்து ஃபெர்ரி பிடித்தோம். கேம்பரையே கப்பலுக்குள் ஏற்றிவிடலாம், கடற்கரையை ஒட்டியே அலாஸ்கா போய்விடலாம்.

ஏறிய பிறகுதான் தெரிந்தது — மனிதர்களுக்கு மேல்தளம், நாய்களுக்கு வண்டிக்குள்தான் இடம். அவர்கள் மைக்கில் கூப்பிடும்போது மட்டும் கீழே போய்ப் பார்க்கலாம். யாருக்கு சௌகரியம் என்று ஃபெர்ரி பிடித்தோமோ, அவன் இருட்டில் தனியாகக் கிடந்தான். வெளியே பனிமலையும் திமிங்கிலமும். நித்யா ஒன்றையும் பார்க்கவில்லை. மைக் எப்போது கூப்பிடும் என்று படிக்கட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே சமைக்கவும் முடியாது. முறுக்கு அரைவயிறும் கால்வயிறுமாக இன்னும் இளைத்துப்போனான்.

ஹெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் இறங்கினோம். கடலைப் பார்த்தபடி ஒரு கேம்ப் கிரவுண்ட். முதல் காரியமாகக் குக்கரை ஏற்றினேன். முதல் விசிலுக்கே முறுக்கு எழுந்து நின்று வாலை ஆட்டினான் பாருங்கள்... எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில்தான் வந்தது வினை. நான் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சோறு வைத்தேன். கடலும் மலையும் வாய் மூடிக் கிடக்கும் ஊரில் நம் குக்கர் சும்மா இருக்குமா? ஒரு விசில் — பக்கத்துக் கேம்பரில் இருந்து ஒரு பெரியவர் கையில் கரடியை விரட்டும் ஸ்ப்ரேயோடு குதித்து வந்துவிட்டார்! பெயர் வால்டர். டெக்ஸஸ்காரர், ரிட்டயர்டு ஆசாமி, மனைவி ரூத்தோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். “எல்லாம் ஓகேவா? அது என்ன அலாரம்?”

என் கணவர் வெளியே ஓடினார். ஸாரி, ரியலி ஸாரி, வெரி ஸாரி... அந்த மனிதர் “நோ ப்ராப்ளம்” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் முகம் மட்டும் தொங்கிப்போனது.

“இனிமே குக்கர் வேண்டாம் அம்மிணி. பாவம், வயசானவங்க. டிஸ்டர்ப் ஆகுதில்ல?”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்களே!”

“சொல்ல மாட்டாங்க. இவங்கெல்லாம் மனசுக்குள்ளயே வெச்சுக்குவாங்க. என்ன நெனப்பாங்க நம்மளப் பத்தி?”

என்ன நினைப்பார்கள்? இந்த ஒரு கேள்வியில்தான் அமெரிக்காவில் பாதி ஆயுள் போகிறது நமக்கு. கருவாடு பக்கமே போகாத நானே, வெங்காயம் தாளிப்பதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்துகிறேன். அபார்ட்மென்டில் இருந்த நாட்களில் மிக்ஸியை டவலால் சுற்றித்தான் சட்னி அரைத்தேன். டவல் கிழிந்ததுதான் மிச்சம்.

நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையிலும் குக்கர் வைத்தேன், விசில் அடித்தது, முறுக்கு வந்தான், சாப்பிட்டான். குழந்தைவேல் பேச்சே கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை குக்கர் இருந்தது, வெயிட்டைக் காணோம். ஆமாம், ஒளித்துவைத்துவிட்டார்!

“இன்னைக்கு ஒரு நாள் பிரெட் சாப்பிட்டா குறைஞ்சா போயிருவோம்?”

சண்டை போட வாய் வரை வந்தது. சின்ன இடம், மகள் தூங்குகிறாள்... விட்டுவிட்டேன். முறுக்கை வழக்கம்போல வெளியே பிக்னிக் மேஜையில் நீளக் கயிற்றால் கட்டிவிட்டு பிரெட் டோஸ்ட் பண்ணினேன்.

நித்யா எழுந்து வெளியே போனாள். அடுத்த நொடி ஒரு அலறல்.

“அம்மா! வேர் இஸ் ஹி?”

மேஜைக் காலில் கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் காலர் இருந்தது. இளைத்த கழுத்தில் இருந்து அதை உருவிக்கொண்டு போயிருக்கிறான்.

அன்றைக்கென்று பார்த்துக் கடல் முழுக்க மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அலை ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றுப் பக்கம் விடியற்காலையில் குட்டிகளோடு ஒரு கரடி வந்துபோனதாக கேம்ப் கிரவுண்ட் பெண்மணி சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“முறுக்கு! முறுக்கு!” நித்யா தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினாள். கத்தி என்ன பிரயோஜனம்? அவனுக்குத்தான் கேட்காதே! அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கத்தினாள். குழந்தைவேல் சேற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, மரக்கட்டைகளுக்கு நடுவில் தேடினார். பக்கத்து கேம்பரில் இருந்து வால்டரும் ரூத்தும் டார்ச்சோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

தேடித் தேடி எல்லோரும் மேஜைக்கே திரும்பி வந்தோம். நித்யா காலரைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இட்ஸ் மை ஃபால்ட். நான்தான் கூட்டிட்டு வரச் சொன்னேன்” என்று அழுதாள். அவள் தமிழில் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காலேஜுக்குப் போகிற பெண் இந்தக் காலரைத்தான் கொண்டுபோகப் போகிறாளா?

அப்போது வால்டர் என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்.

“இன்னைக்கு ஏன் உங்க விசில் அடிக்கலை? அது அடிச்சா உங்க நாய் வந்துடுமே. நானும் ரூத்தும் ரெண்டு நாளா ஜன்னல்ல நின்னு அதைத்தான் வேடிக்கை பார்க்கிறோம். இன்னைக்கும் காபியோட காத்துக்கிட்டிருந்தோம்.”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“வெயிட் எங்கீங்க?”

“அது வந்து... இங்கதான்... எங்கியோ...” பதற்றத்தில் மனிதருக்கு மறந்துவிட்டது! ட்ராயர், ஷூ, தலையணை உறை, டூல் பாக்ஸ் என்று கேம்பரையே கவிழ்த்துப் போட்டார். கடைசியில் கேமரா பையில், ஃபிலிம் ரோல் டப்பாக்களுக்கு அடியில் இருந்து எடுத்தார். அதுவரைக்கும் நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

உள்ளே வைத்தால் சத்தம் எட்டாது என்று வண்டியில் இருந்த சின்ன கேம்ப் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு கரைக்கே ஓடினோம். குக்கரில் அரிசியெல்லாம் போட நேரமில்லை, வெறும் தண்ணீர். பர்னரை முழுசாகத் திறந்துவிட்டேன். குளிரில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் தெரியுமா? நாங்கள் ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் விசில் அடித்தது. பனி அப்படியே இருந்தது.

இரண்டாவது. ஒன்றும் இல்லை.

மூன்றாவது விசிலின்போது குழந்தைவேல் ஒரு கரண்டியை எடுத்து வெயிட்டை லேசாகத் தூக்கிப் பிடித்தார். நாலு பேர் பார்த்தால் கூசிப்போகிற மனிதர், முழங்கால் வரை சேறோடு, கடலைப் பார்த்து நின்றுகொண்டு விசிலை நீட்டி நீட்டி அடித்தார். மலையில் பட்டு அது திரும்பி வந்தது. அந்த ஊரில் தூங்கிக்கொண்டிருந்த எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

“அம்மா...” என்றாள் நித்யா.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் இருந்து முதலில் வால்தான் தெரிந்தது. சுருண்ட வால். அப்புறம் அவன். வயிறு வரை நனைந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தான். நித்யா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு நக்கு நக்கிவிட்டு, அவளை விலக்கிக்கொண்டு நேராக அடுப்பண்டை வந்து உட்கார்ந்தான்.

உள்ளே வெறும் தண்ணீர்! அந்த நிமிடம் எனக்கு வந்த சிரிப்பும் அழுகையும்... அப்பாடா! அப்படி ஒரு அப்பாடாவை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. ரூத் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். குழந்தைவேல் கரண்டியைக் கீழே வைக்காமலே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

எதற்காகப் போனான்? வீட்டில் விசில் வரவில்லை, சரி, வேறெங்கோ வருகிறது போலிருக்கிறது என்று கிச்சனைத் தேடிக்கொண்டு போனான் — இது நித்யாவின் தியரி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம் அரிசி போட்டு நிஜமாகவே சமைத்தேன். ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றி ராத்திரி உறைய வைத்திருந்த தயிர் அருமையாக வந்திருந்தது. முதல் தட்டு முறுக்குக்கு. வழித்துச் சாப்பிட்டான். வால்டரும் ரூத்தும் எங்களோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார்கள். வால்டர் அதன்மேல் ஏதோ ஹாட் சாஸ் ஊற்றிக்கொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எதை ஊற்றிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முறுக்கின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரை இருப்பானா? தெரியாது. அந்தக் கவலை எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அவனுக்குப் புதுசாக, அளவாக ஒரு காலர் வாங்கியிருக்கிறோம். நித்யா பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பழைய காலர் அந்தப் பெட்டியில் இல்லை. அதை அவளே குப்பையில் போட்டாள், நான் பார்த்தேன்.

நேற்று காலை குக்கர் வைத்தேன். பழக்கதோஷத்தில் ஜன்னலைச் சாத்தப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து, அதை முழுசாகத் திறந்துவிட்டது.

“பக்கத்து வீட்டுக்காரங்க என்னங்க நெனப்பாங்க?” என்றேன், வேண்டுமென்றே.

“நெனச்சுக்கட்டும் விடு. அவனுக்குக் கேக்கோணுமல்ல?”