ஐந்துக்கு அடுத்த எண்

என் அம்மாவுக்கு நன்றாக எண்ணத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தடையில்லாமல் வரும். அதற்கடுத்து ஏழு வந்துவிடும். நடுவில் விடுபட்ட எண்ணை அம்மாவின் வாயால் நாங்கள் கேட்டதே கிடையாது. கணக்குத் தெரியாமல் இல்லை. அப்பாவின் பெயர் அந்த எண்ணில்தான் தொடங்கும். ஆறு முகம் கொண்ட முருகனின் பெயரை அப்பாவைப் பெற்றவர் ஆசையாக மகனுக்கு வைத்துவிட்டார். மருமகள் என்று ஒருத்தி வந்து எண்ண முடியாமல் தவிப்பாள் என்று அவர் யோசிக்கவில்லை.

கட்டிய புருஷனின் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மற்றப் பெண்களுக்குப் பெயரை மட்டும் விழுங்கினால் போதும். அம்மாவுக்கோ அந்தப் பெயரின் பாதி தமிழ் முழுக்கச் சிதறிக் கிடந்தது. எல்லார் வீட்டிலும் தேத்தண்ணி ஆறிப்போகும்; எங்கள் வீட்டில் மட்டும் அது சூடு போகும். என் முழங்கால் புண் ஒருநாளும் ஆறியதில்லை, காய்ந்துதான் போனது. ஓடுகிற ஆற்றுக்கு மலாயில் சுங்கை என்று ஒரு சொல் இருந்ததால் அதில் தப்பித்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையின் எடையை உரக்கச் சொல்ல வேண்டி வந்தால் "அஞ்சும் ஒண்ணும்" என்பார். கணக்குப் பார்க்கும் கிராணியும் சிரிக்காமல் எழுதிக்கொள்வார். நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, மகள் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், ஐந்தை முடித்துவிட்டாள் என்று மட்டும் பதில் வரும். அந்த வருடம் முழுக்க நான் ஐந்தை முடித்தவளாகவே இருந்தேன்.

அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் அம்மா என் பெயரைச் சொல்லிக் கத்துவார். ஒரே பெயர்தான், ராகம் வேறு. கடைசி எழுத்தை இழுத்தால் நான் போக வேண்டும். வெட்டி நிறுத்தினால் அப்பா. அப்பாவின் காது அந்த ராகத்துக்குப் பழகியிருந்தது. எனக்குத்தான் பாதி நாள் குழப்பம்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை பக்கத்து ஊர் கியா பார்மில் ஒரு காய்கறிக் கடையில் வேலைக்கு நின்றேன். படித்த திமிர் தலைக்கேறியிருந்த காலம். ஆணும் பெண்ணும் சமம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, அதை முதலில் எங்கள் சமையல்கட்டில்தான் அமல்படுத்தப் பார்த்தேன். தோட்டத்துக்குப் புதிதாக வந்த சின்னக் கிராணியின் மனைவி கோலாலம்பூரில் வளர்ந்தவர். அவர் வாசலில் நின்று தன் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அதைக் கேட்பதற்கென்றே லயத்துப் பெண்கள் அந்தப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். எங்கள் பக்கத்துக் குழாயில் ஒரு குறையும் இல்லை.

நான் அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். சின்னக் கிராணி நன்றாகத்தானே இருக்கிறார், அவர் ஆயுசில் என்ன குறைந்தது, வந்த நாளைவிடக் கொஞ்சம் பருத்துக்கூட இருக்கிறார் என்றேன். இது பெண்களை அடக்கி வைக்கிற பழக்கம் என்றும் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப கிராணி அந்தப் பேரக் கூப்புடுறாரு. மலையில கங்காணி கத்துறாரு. கடைக்காரன் கூப்புடுறான். எல்லாரு வாயிலயும் கெடந்து பெரளுற பேரு அது. அதக் கூப்புடாம இருக்கிறது நான் ஒருத்திதான். அது எனக்குன்னு இருக்கட்டும்லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஒரே ஒரு தடவை, சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே, சொன்னால் தனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அம்மா கேட்காதது மாதிரி இருந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கக் கடிதம் வந்தது. அம்மாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. அவர் இதே நாட்டில், கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்தான். பிறந்ததற்குத்தான் காகிதம் இல்லை. எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதி வைக்கவில்லை. அதனால் குடியுரிமை இல்லை. வேலை செய்ய பெர்மிட் வேண்டும், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முடியாமல் பக்கத்து லயத்தில் ஒரு குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போயே விட்டது. அம்மா இந்தியாவைப் பார்த்ததில்லை. அப்பாவுக்கும் எனக்கும் குடிமக்களுக்கான நீலக் கார்டு. எங்கள் இருவரையும் இங்கே விட்டுவிட்டுத் தன்னை மட்டும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அம்மாவுக்கு உண்டு. வெளியே சொல்ல மாட்டார். பெர்மிட் முடியும் மாதத்தில் சோற்றில் உப்பு இருக்காது, அவ்வளவுதான் அடையாளம். குடியுரிமைக்கு அவர் விண்ணப்பித்து நாளாகியிருந்தது. இப்போது நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மலாயில் கேள்வி கேட்பார்களாம். பதிலும் மலாயில் சொல்ல வேண்டுமாம்.

நான் வாத்தியார் வேலையை ஏற்றுக்கொண்டேன். அம்மாவுக்குக் கடைத்தெரு மலாய் தாராளமாக வரும். சீனர் கடையில் கருவாட்டு விலையைப் பாதியாகக் குறைக்கிற அளவு மலாய் இருந்தது. அரசாங்க மலாய்தான் இல்லை. ஊர், வயது, பிள்ளைகள், வேலை, மாமன்னர், தேசிய கீதம் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக் கொடுத்தேன். கிளிப்பிள்ளை தோற்றுப்போகும் அளவுக்கு அம்மா ஒப்பித்தார். புருஷன் பெயர் என்ன என்ற கேள்விக்கு மட்டும் பயிற்சி நடக்கவில்லை. அதை எடுத்தாலே அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். அப்பாவின் பெயர்தான் விண்ணப்பத்தில் இருக்கிறதே, அதைப் போய் யார் கேட்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். நான் செய்த முட்டாள்தனங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

நேர்காணல் தானா ராத்தா டவுனில். மூன்று பேரும் காலையில் பஸ் பிடித்துப் போனோம். அம்மா கல்யாணப் பட்டுக்கு மேலே பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். அப்பா பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் சட்டையில் இருந்தார். அலுவலகத்தில் அப்பாவை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நான் மட்டும் அம்மாவுக்குப் பின்னால் உட்காரலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்றார்கள். அதிகாரி கீழேயிருந்து மலைக்கு வந்திருந்த ஒரு மலாய்க்காரர். குளிருக்குக் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். நல்ல மனுஷர். அம்மா குளிரில் நடுங்குகிறாரோ என்று ஜன்னலைச் சாத்தினார். அம்மா நடுங்கியது குளிரால் இல்லை.

முதல் பத்துக் கேள்விகளை அம்மா ஊதித் தள்ளினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"நாமா சுவாமி?"

மலாயில் நாமா என்றால் பெயர். சுவாமி என்றால் புருஷன். மரியாதையான மலாய் அது. கடைத்தெருவில் புருஷனுக்கு வேறு சொல் என்பதால் அம்மா அதைக் கேட்டதில்லை. அவர் காதில் விழுந்தது சுவாமியின் பெயர். எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அரசாங்கமே கேட்கிறது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நெஞ்சில் கை வைத்து, முருகன் என்றார்.

அதிகாரி எழுதப் போனார். பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தார். அதில் வேறு பெயர் இருந்தது. இந்த முருகன் முதல் சுவாமியா என்று மலாயில் பொறுமையாகக் கேட்டார். அம்மாவுக்கு முதல் என்பதற்கு மலாய்ச் சொல் தெரியும். இல்லை, முதல் பிள்ளையார், முருகன் அதற்கப்புறம்தான் என்று மலாயில் விளக்கம் கொடுத்தார். மாரியம்மனும் உண்டு என்று, விட்டுப்போகக்கூடாதே என்று சேர்த்துக்கொண்டார். அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமினேன்.

அவர் என்னைப் பார்த்து, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் சொல்ல அனுமதி கொடுத்தார். சுவாமி என்றால் புருஷன் என்று சொன்னேன். அம்மாவின் முகம் காது மடல்வரை சிவந்துபோனது. பிள்ளையாரைப் போய் முதல் புருஷன் என்று சொல்லிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இனி தப்பிக்க வழி இல்லை என்று நான் நினைத்தேன். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தமிழில்தானே அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது? மலாயில் சொன்னால் ஆயுசு எப்படிக் குறையும்? ஆறுக்கு எனாம், முகத்துக்கு மூக்கா. நிமிர்ந்து உட்கார்ந்து, தன் புருஷன் பெயர் எனாம் மூக்கா என்றார். வாழ்க்கையிலேயே முதன்முறையாக அந்த எண்ணை ஏதோ ஒரு மொழியில் சொல்லிவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னது எங்களுக்குச் சிரிப்பாக இல்லை. காகிதத்தில் உள்ள பெயரை அம்மா தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், பதில் ஒத்துப்போகவில்லை என்றுதான் தன்னால் எழுத முடியும். விண்ணப்பம் திரும்பிப் போகும். மறுபடி அழைப்பு எப்போது வருமோ, அவருக்கே தெரியாது. இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மாதக்கணக்காக, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் உயிரை வாங்கியவள் நான். இப்போது ஜெயித்துவிட்டேன். எனக்கு ஏனோ அழுகை வந்தது. தனக்கென்று அவர் வைத்திருந்தது அந்த ஒன்றுதான், அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்களே என்று இருந்தது. வேண்டாம்மா, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மா எழுந்தார். காலிலிருந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். கண்ணை மூடி, அப்பாவின் பெயரை முழுதாகச் சொன்னார். முணுமுணுக்கவில்லை. மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் குரல் கொடுப்பாரே, அந்தக் குரலில் சொன்னார்.

"இந்தா வந்துட்டேன்" என்று வராந்தாவிலிருந்து பதில் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா உள்ளே வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை என்பது உள்ளே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "கூப்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் குரல் சரியாக இல்லை. அம்மா செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவாமி வந்துவிட்டார் என்று மலாயில் சொன்னார். பிறகு பதில் சரி என்று எழுதி முத்திரையைக் குத்தினார்.

அன்று பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், அம்மா பக்கம் திரும்பாமலே, இன்னொரு தடவை சொன்னால் என்ன என்று மெதுவாகக் கேட்டார். பின் இருக்கையில் நான் தூங்குவதாக இருவரும் நினைத்திருக்க வேண்டும்.

"கவர்மெண்டு கேட்டாத்தான் சொல்லுவேன்" என்றார் அம்மா.

சில மாதம் கழித்து நீலக் கார்டு வந்தது. அம்மா அதை மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்தார். அப்பா அதன்பிறகு நெடுநாள் உயிரோடு, திடகாத்திரமாகத்தான் இருந்தார். அவரிடம் ஒரு புதுப்பழக்கம் மட்டும் வந்து சேர்ந்தது. லயத்துக்குக் கொசு மருந்து அடிக்க வருகிறவர், தடுப்பூசி போட வருகிற மிஸ்ஸி, வீட்டுக்கு எத்தனை தலை என்று எழுத வருகிறவர் என்று அரசாங்கத்தின் ஆள் யார் வந்தாலும், அப்பா ஓடிப்போய் உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுக்கச் சொல்லிவிட்டு, அம்மாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.